கென்டக்கி கூடைப்பந்தில் மார்க் போப்பின் முதல் இரண்டு மாதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி புதிய பயிற்சியாளர் மார்க் போப்பின் கீழ் விளையாடத் தொடங்கியது. ஒரு பழைய வீரர்கூட மிச்சமில்லாத அணி அது. நவம்பர் 4 முதல் ஜனவரி 4 வரை நடந்த 14 ஆட்டங்களைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

ஒரு கல்லூரி அணிக்கு ஏன் இத்தனை பரபரப்பு?

கென்டக்கி மாநிலத்தில் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி கிடையாது. அந்த ஊர் மக்களுக்கு மாநிலத்தின் அணி என்றால் இந்தக் கல்லூரி அணிதான். லெக்சிங்டன் நகரில் இருக்கும் ரப் அரீனாவில் 20,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1930 முதல் 1972 வரை பயிற்சியாளராக இருந்து 876 ஆட்டங்களை வென்ற அடால்ஃப் ரப்பின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். கென்டக்கி இதுவரை எட்டு முறை தேசிய சாம்பியன்: 1948, 1949, 1951, 1958, 1978, 1996, 1998, 2012.

எட்டுக் கோப்பை வாங்கிய வீட்டில் ஒன்பதாவது எப்போது என்பதுதான் எப்போதும் பேச்சு. புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே அந்தக் கேள்வி அவர் முன்னால் நிற்கும்.

பழைய பயிற்சியாளர் ஏன் போனார்?

ஜான் கலிபாரி 2009 முதல் 15 சீசன் இருந்தார். 2012 கோப்பை அவர் வாங்கிக்கொடுத்தது. 2015-ல் 38 ஆட்டங்களைத் தோல்வியே இல்லாமல் வென்றுவிட்டு, சீசன் கடைசியில் நடக்கும், தோற்றால் வெளியேறும் தேசியப் போட்டியின் அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோற்ற அணியும் அவருடையதுதான். அவர் வழி எளிமையானது. நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்களை அழைத்து வருவார். ஒரு வருடம் விளையாடிவிட்டு அவர்கள் என்பிஏவுக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருடம் புதிய கூட்டம் வரும்.

பத்து வருடம் நன்றாக ஓடிய அந்த வழி பிறகு தடுமாறியது. 2020-21-ல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022 தேசியப் போட்டியின் முதல் சுற்றில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் தோல்வி. 2024-ல் மறுபடியும் முதல் சுற்றில், இந்த முறை ஓக்லண்ட் பல்கலைக்கழகத்திடம் 80-76. ஓக்லண்டின் ஜாக் கோல்கி அன்று தொலைவிலிருந்து எறியும் மூன்று-புள்ளிக் கூடைகள் பத்து போட்டார். 18, 19 வயதுத் திறமைசாலிகளை 23, 24 வயதுக்காரர்கள் வெல்லும் காலம் வந்துவிட்டது என்பதை நான் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அந்த ஏப்ரலில் கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போனார்.

மார்க் போப் யார்?

1996-ல் சாம்பியனான கென்டக்கி அணியின் கேப்டன்களில் ஒருவர். அப்போதைய பயிற்சியாளர் ரிக் பிடினோ. ஆறடி பத்து அங்குல உயரம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடிவிட்டு லெக்சிங்டனுக்கு மாறி வந்தவர். பிறகு என்பிஏவில் சில வருடங்கள் ஆடினார். ஓய்வுக்குப் பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சியாளர் வேலைக்கு வந்தார். யூட்டா வேலியில் நான்கு வருடம், பிரிகாம் யங்கில் ஐந்து வருடம் தலைமைப் பயிற்சியாளர்.

2024 ஏப்ரலில் அவர் பெயர் வெளியானதும் ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. தலைமைப் பயிற்சியாளராகத் தேசியப் போட்டியில் அவர் அதுவரை ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. ஆனால் இரண்டு நாளில் காட்சி மாறியது. அறிமுக விழாவுக்கு ரப் அரீனா நிரம்பி வழிந்தது. 1996 கோப்பையைக் கையில் ஏந்தியபடி, பழைய வீரர்கள் புடைசூழ அவர் பேருந்திலிருந்து இறங்கி வந்தார். வீட்டுப் பிள்ளை வீடு திரும்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்த அன்பு உண்மையானது. ஆனால் பாசத்தை வைத்து பந்தைக் கூடைக்குள் போட முடியாது. அதற்கு ஆட்கள் வேண்டும். அவர்கள்தான் இல்லை.

ஒரு வீரர்கூட இல்லையா? நிஜமாகவா?

நிஜமாகத்தான். உதவித்தொகை பெற்று ஆடிய பழைய வீரர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ரீட் ஷெப்பர்டும் ராப் டிலிங்ஹாமும் அந்த ஜூன் மாத என்பிஏ டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 3-ஆவது, 8-ஆவது இடங்களில் போனார்கள். சிலர் கலிபாரியோடு ஆர்கன்சா போனார்கள். மற்றவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள்.

சில வாரங்களில் போப் 12 பேரைச் சேர்த்தார். ஒன்பது பேர் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள், மூன்று பேர் முதலாண்டு மாணவர்கள். அந்த மூவரில் டிராவிஸ் பெர்ரி கலிபாரி காலத்திலேயே வருவதாகச் சொன்னவர். கென்டக்கி மாநிலப் பள்ளிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த பையன். பயிற்சியாளர் மாறியும் சொன்ன சொல் மாறாமல் வந்து சேர்ந்தார். எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வர அது ஒன்றே போதுமாக இருந்தது.

இப்படி ஒரே கோடையில் அணியை மாற்ற விதி அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2021-ல் முதல் மாற்றத்துக்கு அந்தக் கட்டுப்பாடு போனது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்றானது. மாற விரும்புகிறவர்கள் பெயரைப் பதியும் பட்டியல்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். அப்புறம், தங்கள் பெயரையும் புகழையும் வைத்து வீரர்கள் பணம் சம்பாதிப்பதும் 2021 முதல் சட்டப்படி சரி.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொரோனா காலமான 2020-21-ல் ஆடியவர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம் கொடுத்தார்கள். அதனால் ஐந்தாம் ஆண்டு ஆடும் 22, 23 வயது வீரர்கள் போர்ட்டலில் நிறையக் கிடைத்தார்கள். போப் கைவைத்தது அங்கேதான்.

யார் யாரைச் சேர்த்தார்?

பந்தை நடத்திச் செல்பவர் லமான்ட் பட்லர். சான் டியகோ ஸ்டேட்டிலிருந்து வந்தார். 2023 அரையிறுதியில் கடைசி நொடியில் கூடை போட்டு அந்தக் கல்லூரியை இறுதிக்குக் கொண்டுபோனவர். எதிராளியின் பந்து நடத்துபவரை மூச்சுவிட விடமாட்டார்.

கோபி பிரேயா டேட்டனிலிருந்து. முந்தைய சீசனில் நாட்டிலேயே மூன்று-புள்ளி எறிதலில் அதிகத் துல்லியம் இவருக்குத்தான், கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. ஜாக்சன் ராபின்சன் பிரிகாம் யங்கிலிருந்து போப்பைப் பின்தொடர்ந்து வந்தார். ஆண்ட்ரூ கார் வேக் ஃபாரெஸ்டிலிருந்து, கெர் கிரீசா வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து. ஓக்லஹோமாவிலிருந்து வந்த ஒட்டேகா ஓவே மேல் தொடக்கத்தில் யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. சீசன் முடியும்போது அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான்.

ஆனால் இந்த அணியின் அச்சாணி என்று நான் சொல்வது அமாரி வில்லியம்ஸை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்காரர். ஏழடி உயரம், இடது கை. ட்ரெக்சல் என்ற சின்னக் கல்லூரியில் நான்கு வருடம் ஆடி, அவர்கள் லீக்கின் சிறந்த தடுப்பாளர் விருதை மூன்று முறை வாங்கியவர். போப் அவரைக் கொண்டு செய்தது வேறு.

என்ன செய்தார்? அந்த ஆட்டமுறையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

உயரமான வீரர் கூடைக்கு அடியில் நிற்பார், மற்றவர்கள் அவருக்குப் பந்தைத் தருவார்கள். நாம் பள்ளியில் பார்த்துப் பழகியது இதுதான். போப் இதைத் தலைகீழாக்கினார். ஐந்து பேரும் வெளியே விரிந்து நிற்பார்கள். கூடைக்கு அடியில் ஆளே இல்லை. பந்து வில்லியம்ஸ் கையில், மூன்று-புள்ளிக் கோட்டின் உச்சியில்.

இப்போது எதிரணியின் உயரமான தடுப்பாளர் வில்லியம்ஸைத் தேடி வெளியே வந்தாக வேண்டும். அவர் வந்ததும் கூடைக்கு முன் காவல் போய்விடுகிறது. ஓவே தன்னைத் தடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடுவார், வில்லியம்ஸ் பந்தைக் கீழே தட்டிக் கொடுப்பார், எளிதான கூடை. அதைத் தடுக்க எல்லோரும் உள்ளே சுருங்கினால் மூலையில் பிரேயா தனியாக நிற்பார். பிரேயாவைத் தனியாக விடக்கூடாது என்று எல்லா அணிக்கும் தெரியும். தெரிந்தும் விட வேண்டிய நிலைக்குத் தள்ளுவதுதான் இந்த முறை.

இதற்கு வேகத்தையும் சேர்த்தார். கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பிடித்ததும் வில்லியம்ஸே பந்தைத் தட்டிக்கொண்டு மறுபக்கம் போகலாம். கல்லூரி விதிப்படி 30 நொடிக்குள் எறிய வேண்டும். கென்டக்கி பல நேரம் அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆட்டத்துக்கு முப்பதுக்கும் மேல் மூன்று-புள்ளி எறிதல்கள் வேண்டும் என்று போப் ஆசைப்பட்டார். அந்த எண்ணிக்கை பெரும்பாலும் வரவில்லை. ஆனால் அந்தப் பயத்திலேயே உள்பக்கம் வழி திறந்தது.

முதல் ஆட்டங்கள் எப்படி இருந்தன?

நவம்பர் 4-ல் ரைட் ஸ்டேட்டை 103-62 என்று வென்றது. அடுத்து பக்னெல், 100-72. டியூக்கோடு நடந்த ஆட்டத்துக்கு அப்புறம் வருகிறேன். அதன்பின் லிப்ஸ்காம்ப் 97-68, ஜாக்சன் ஸ்டேட் 108-59, வெஸ்டர்ன் கென்டக்கி 87-68, ஜார்ஜியா ஸ்டேட் 105-76.

முதல் ஏழு ஆட்டத்தில் ஏழும் வெற்றி. நான்கு முறை நூறைத் தொட்டது. கூட்டிப் பார்த்தால் சராசரியாக ஆட்டத்துக்கு 96.7 புள்ளி எடுத்து, 68.1 விட்டிருக்கிறது. பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையில் 23-ஆம் இடத்தில் தொடங்கிய அணி, டிசம்பர் தொடங்கும்போது நான்காம் இடத்தில் இருந்தது.

சின்னக் கல்லூரிகளைத்தானே அடித்தார்கள்? அதில் என்ன பெருமை?

பெருமை இல்லை, ஆனால் தகவல் இருக்கிறது. ஜூன் மாதம்தான் சந்தித்துக்கொண்ட 12 பேர் நவம்பரில் ஒருவர் ஓடும் திசையை மற்றவர் பார்க்காமலே தெரிந்து பந்து கொடுத்தார்கள். எதிரி யாராக இருந்தாலும் இது தானாக வராது. வெறும் திறமையால் சின்ன அணிகளை அடித்த கென்டக்கி அணிகளை முந்தைய வருடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி. நல்ல வாய்ப்பு இருந்தும் அதைவிட நல்ல வாய்ப்பு உள்ளவருக்குப் பந்தைக் கொடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் அந்த ஆட்டங்களால் சொல்ல முடியவில்லை: முட்டி மோதி ஆடும் அணி வந்தால் இவர்கள் தாங்குவார்களா? அதற்குப் பதில் பிறகு வந்தது.

டியூக் ஆட்டத்தில் என்ன நடந்தது?

நவம்பர் 12, அட்லாண்டா. இந்தியாவில் புதன்கிழமை காலை. டியூக் தரவரிசையில் ஆறாவது, கென்டக்கி 19-ஆவது. டியூக்கின் கூப்பர் ஃபிளாக்குக்கு அப்போது 17 வயது. அடுத்த வருட என்பிஏ டிராஃப்டில் முதல் ஆள் இவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்படியே நடக்கவும் செய்தது. அன்று அவர் 26 புள்ளி, 12 ரீபவுண்ட்.

இடைவேளையில் டியூக் 46-37 என்று முன்னால். பழைய கென்டக்கியாக இருந்தால் இங்கே ஆளாளுக்குத் தனியாக எறிய ஆரம்பித்திருப்பார்கள். இவர்கள் முதல் பாதியில் செய்ததையே செய்தார்கள், இன்னும் வேகமாக. டியூக்கின் இளம் வீரர்களுக்கு மூச்சு வாங்கியது. கார் உள்பக்கம் புகுந்து கூடை போட்டுக்கொண்டே இருந்தார், மொத்தம் 17 புள்ளி. 72-72 என்று சமமாக இருந்த கடைசி நொடிகளில் ஃபிளாக் பந்தோடு உள்ளே வர, ஓவே அதைப் பறித்தார். இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (தடுப்பார் இல்லாமல் எறியும் ஒற்றைப் புள்ளி வாய்ப்பு) போட்டார். அடுத்த முறையும் ஃபிளாக் பந்தை இழந்தார். 77-72.

அந்தச் சிறுவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் அன்று மைதானத்தில் எல்லோரையும்விடச் சிறந்தவர். ஓவேக்குக் கல்லூரி ஆட்டத்தில் இது மூன்றாவது வருடம், பட்லருக்கு ஐந்தாவது. அந்தக் கடைசி நிமிடத்தில் அந்த வருடங்கள் தெரிந்தன.

முதல் தோல்வி?

டிசம்பர் 3, கிளெம்சன் ஊரில், 70-66. கிளெம்சன் ஆட்டத்தை மெதுவாக்கியது. வெட்டி ஓடுபவர்களை உடம்பால் மறித்தது. ரீபவுண்டுக்கு இரண்டு கையோடும் தோளோடும் வந்தது. வேகம் போனதும் கென்டக்கிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பட்லருக்குக் கணுக்காலில் அடி வேறு.

கோன்சாகா ஆட்டத்தைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்களே, ஏன்?

நானும் அவர்களில் ஒருவன். டியூக் வெற்றியைவிட இதைத்தான் நான் மேலே வைப்பேன்.

கிளெம்சன் தோல்விக்கு நான்கு நாள் கழித்து, சியாட்டிலில். போப் வளர்ந்த பெல்வியூ அந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோன்சாகா தரவரிசையில் ஏழாவது. பட்லர் காயத்தால் ஆடவில்லை. இடைவேளையில் 50-34. ஒரு கட்டத்தில் வித்தியாசம் 18. புதிதாகச் சேர்ந்த அணிகள் உடைவது இப்படிப்பட்ட இடத்தில்தான். தோல்வியைச் சேர்ந்து சுமக்க அவர்களுக்குப் பொதுவான நினைவுகள் இருக்காது.

இவர்கள் உடையவில்லை. இரண்டாம் பாதியில் வில்லியம்ஸ் மறுபடி உச்சியில் நின்று பந்தைப் பிரித்தார், பிரேயாவின் எறிதல்கள் விழ ஆரம்பித்தன, கார் உள்ளே உழைத்தார். தடுப்பும் முதல் முறையாகக் கடுமையானது. ஆட்டம் கூடுதல் ஐந்து நிமிடத்துக்குப் போனது. 90-89, கென்டக்கி.

அந்த வெற்றிக்கு விலையும் கொடுத்தார்கள். பட்லர் இடத்தில் ஆடிய கிரீசாவுக்கு அந்த ஆட்டத்தின் பிற்பகுதியில் பாதம் முறிந்தது. அந்த வலியோடும் அவர் களத்தில் நின்றார். அதன்பின் அந்த சீசனில் அவர் ஆடவே இல்லை.

லூயிவில்லோடு என்ன ஆனது?

மாநிலத்துக்குள் நடக்கும் பரம்பரைச் சண்டை. அந்த வருடம் இரு பக்கமும் புதிய பயிற்சியாளர். முந்தைய சீசனில் 8 வெற்றி 24 தோல்வி என்று கிடந்த லூயிவில்லை பாட் கெல்சி தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். டிசம்பர் 14-ல் ரப் அரீனாவில் 93-85 என்று கென்டக்கி வென்றது. காயத்திலிருந்து திரும்பிய பட்லர் பத்து எறிதலில் பத்தையும் போட்டார், அதில் ஆறு மூன்று-புள்ளி. மொத்தம் 33. தடுப்புக்குப் பேர்போன ஒருவரின் கையில் அப்படி ஒரு மாலை.

ஒஹையோ ஸ்டேட்டிடம் 20 புள்ளியில் தோற்றது எப்படி?

டிசம்பர் 21, நியூயார்க், 85-65. கிளெம்சன் காட்டிய வழியிலேயே ஒஹையோ ஸ்டேட்டும் வந்தது: மறி, இடி, மூன்று-புள்ளிக் கோட்டைப் பூட்டு. கென்டக்கியின் எறிதல்கள் விழவில்லை, விழாதபோது தடுப்பால் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. கிளெம்சனில் நடந்ததை ஒரு கெட்ட நாள் என்று தள்ளிவிடலாம் என நினைத்திருந்தேன். இரண்டாவது முறை அப்படித் தள்ள முடியவில்லை.

அப்படியானால் இந்தத் தொடக்கம் நல்லதா, சுமாரா?

மிக நல்லது. டிசம்பர் 31-ல் பிரவுனை 88-54 என்று வென்றபோது கணக்கு 11 வெற்றி, 2 தோல்வி. ஜனவரி 4-ல் கென்டக்கி சேர்ந்திருக்கும் எஸ்இசி (தென்கிழக்குக் கல்லூரிகளின்) லீக் ஆட்டங்கள் தொடங்கின. அதுவரை 13 ஆட்டத்தில் தோற்காத ஃபுளோரிடா ரப் அரீனாவுக்கு வந்தது. 106-100, கென்டக்கி. அந்த ஃபுளோரிடாதான் ஏப்ரலில் தேசிய சாம்பியன் ஆனது.

ஆனால் அந்த ஆட்டத்திலேயே பாருங்கள், கென்டக்கி 100 புள்ளி விட்டிருக்கிறது. இந்த அணி யாரையும் வெல்லும், யார் எறிவதையும் தடுக்கத் திணறும். ஜனவரி 4 வரை பார்த்தவருக்கு மார்ச் வரை நடக்கப்போவது முழுக்கத் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. மூன்று நாள் கழித்து ஜார்ஜியாவிடம் 82-69 தோல்வி. 18-ஆம் தேதி சொந்த மைதானத்தில் அலபாமாவிடம் 102-97 தோல்வி.

கலிபாரி திரும்பி வந்தாரே?

வந்தார். 2025 பிப்ரவரி 1, ஆர்கன்சாவோடு. ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அவர் 89-79 என்று வென்றுவிட்டுப் போனார். வலித்தது. 15 வருடம் அந்த ஓரத்தில் நின்றவருக்கு ஒரு கைதட்டலாவது கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் சீசன் எப்படி முடிந்தது?

24 வெற்றி, 12 தோல்வி. லீக்கில் 10-8. அந்த வருடம் எஸ்இசியிலிருந்து 14 அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின, அவ்வளவு கடினமான லீக். பட்லருக்குத் தோள் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. ராபின்சன் மணிக்கட்டுக் காயத்தால் மார்ச்சில் வெளியேறினார். அப்படியும் டிராயையும் இல்லினாயையும் வென்று கடைசி 16-க்குள் நுழைந்தார்கள். 2019-க்குப் பிறகு கென்டக்கி அந்தக் கட்டத்தைத் தொட்டது அப்போதுதான். அங்கே, லீக்கில் தாங்கள் இரண்டு முறை தோற்கடித்திருந்த டென்னசியிடம் 78-65 என்று தோற்றார்கள். டென்னசி எப்படி ஆடியது என்று சொல்லவே வேண்டாம்: மறித்து, இடித்து, வேகத்தைக் கொன்று.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

கோன்சாகா ஆட்டத்தின் இரண்டாம் பாதி. பந்தைப் பின்தொடராதீர்கள். உச்சியில் நிற்கும் அந்த ஏழடிக்காரரையும், அவரைப் பார்த்துக்கொண்டே மூலையிலிருந்து ஓடத் தொடங்கும் மற்ற நால்வரின் கால்களையும் பாருங்கள். அப்புறம் கடைசியில் கிரீசாவைப் பாருங்கள், எந்தப் பாதத்தைத் தரையில் ஊன்றத் தயங்குகிறார் என்று.